நீலத் தோங்கும் நான் எழுதிய அறிக்கையும்

அட்டையில் ஒட்டிய ஒரு விவரச்சீட்டு; களைக்கொல்லி வரும் தோங்கில், அதாவது பிளாஸ்டிக் பீப்பாயில், இருப்பது. அந்த ஆசிரியையை நினைக்கும்போது அதுதான் முதலில் கண்ணில் நிற்கிறது. பண்டார் தெங்காராவுக்கு அருகே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த தமிழ்ப்பள்ளியில் அவர் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு மலாய்மொழி கற்பித்தார். பாடநூலில் உள்ள பகுதியை ஒருமுறை வாசிக்கவைப்பார். பிறகு பேருந்து அட்டவணை, கிளினிக் அறிவிப்பு என்று எதையாவது பையிலிருந்து எடுப்பார். "புக்க முடிக்காம கண்ட பேப்பரையும் படிக்க வைக்கறாங்க" என்று பெற்றோர் சிலர் புகார் சொன்னார்கள். துணைத் தலைமையாசிரியராக இருந்த நான் வகுப்பைப் பார்வையிடப் போனேன்.

அன்று அந்தச் சீட்டில் மலாயில் இருந்த கடைசி வரியை ஒரு மாணவி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அப்படின்னா என்ன?" என்று ஆசிரியை கேட்டார்.

"இந்தத் தோங்க மறுபடியும் பயன்படுத்தக் கூடாது டீச்சர்." பிறகு, "எங்க வீட்டுல இதே மாதிரி நீல தோங்குலதான் குடிக்கத் தண்ணி புடிச்சு வைக்கறோம்" என்றாள்.

ஆசிரியை பாடத்தை அத்துடன் நிறுத்தினார். என் கையிலிருந்த படிவத்தில் 'பாடநூல் பயன்பாடு' என்றொரு கட்டம் இருந்தது. 'போதவில்லை' என்று எழுதி, மதியத்துக்குள் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டேன். மாணவி சொன்னதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. நானும் தேடவில்லை.

பள்ளி முடிந்ததும் ஆசிரியை என்னிடம் வந்தார். "சார், உங்க கார்ல அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போலாமா?"

போனோம். சமையலறை வாசலில் தோங் இருந்தது. "நல்லா கழுவித்தானே லா வச்சிருக்கோம் டீச்சர்?" என்றார் தகப்பனார். ஆசிரியை விளக்கம் எதுவும் சொல்லாமல் சீட்டை மாணவியிடம் கொடுத்தார். அவள் வாசித்து, தமிழில் சொன்னாள். தகப்பனார் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு தோங்கைச் சாய்த்தார். தண்ணீர் முற்றத்தில் ஓடி வடிந்தது. அந்த வாரத்தில் மேலும் மூன்று வீடுகளில் தோங்குகள் மாறின.

அந்த வீட்டுக்குப் போய்வந்த மறுநாளே அறிக்கையைத் திரும்பக் கேட்டேன். மேலிடத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். நடந்ததை எழுதித் தனியாக ஒரு கடிதம் அனுப்பினேன், பதில் வரவில்லை. ஆசிரியைக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. ஆண்டு முடியும்வரை அவர் பாடநூலைத் தவிர வேறெதையும் வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. பிறகு கெலாங் பாத்தா பக்கம் மாற்றலாகிப் போனார்.

இப்போது நான் தலைமையாசிரியர். துணைப் பாடப்பொருள்களைப் பயன்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கைகளே வருகின்றன. வகுப்புகளைப் பார்வையிடும்போது பிள்ளைகள் சொன்னதை முதலில் எழுதிக்கொள்கிறேன். கட்டங்களை நிரப்புவது அதற்குப் பிறகுதான்.

அன்று அந்த எச்சரிக்கைக் கடிதத்தை ஆசிரியையிடம் கொடுத்தவன் நான்தான். நின்றபடியே வாசித்தார், கையெழுத்திட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது, குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார்.

"சார், அன்னிக்கு நீங்க வகுப்புலதான இருந்தீங்க?"