சரோஜாக்கா கட்டிவந்த சேலைகள்

குளிக்கும்போதுதான் கையில் பட்டது. இடது மார்பின் ஓரத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. வலிக்காத கட்டியையும் உடனே காட்ட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பயாப்சி (கட்டியில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்ததும், திண்டுக்கல் மருத்துவமனையில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். முதலில் கீமோ (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்தை நரம்பு வழியே ஏற்றுவது). கட்டி சுருங்கியபின் மாஸ்டெக்டமி (மார்பை முழுவதும் அகற்றுவது). கீமோவுக்குத் தலையாட்டினேன். மற்றதற்கு ஆட்டவில்லை.

"அதப் பெறகு பாத்துக்கலாம் டாக்டர்" என்றேன். என் கணவர் அந்தோணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீக்கிரமே முடி கொட்டிவிட்டது. பள்ளிக்கூட அலுவலக வேலைக்குக் கஞ்சி போட்ட சேலையை மடிப்புக் கலையாமல் கட்டிப் போனவள், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்தேன்.

அங்கேதான் சரோஜாக்காவைப் பார்த்தேன். ஒட்டன்சத்திரத்தில் கணவரோடு தக்காளி மண்டி நடத்துகிறவர். இலைப்பச்சைச் சேலையில் வந்து எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார். முடியில்லாத தலையில் மஞ்சள் துணியைச் சுற்றி, முடிச்சைக் காதுக்குப் பின்னால் ஒளித்திருந்தார். முந்தானை மடிப்புகள் ஒரே சீராகத் தோளில் நின்றன. மருந்து இறங்குகிற நேரமெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமட்டல்கூடச் செத்த நேரம் மறந்துபோனது.

அடுத்த முறை கருநீலச் சேலை, வெள்ளைத் தலைத்துணி. அதற்கடுத்த முறை என்ன கட்டி வருவார் என்று வீட்டிலேயே யோசிக்க ஆரம்பித்தேன். கீமோ நாளுக்காக நான் காத்திருந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒருநாள் அவரே கேட்டுவிட்டார். "ஏனுங்க, வந்ததுல இருந்து என்னையே பாக்கறீங்க?"

"உங்க சேலக்கட்டு அம்புட்டு அழகா இருக்குக்கா."

அவர் முகம் மலர்ந்தது. "முடிதானுங்க போச்சு. சேலைக்கு என்னங்க வந்துச்சு?"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "எனக்கு ஆபரேஷன் சொல்லிருக்காங்க. ஒரு பக்கம் இல்லாம எப்பிடிக்கா நாலு பேரு முன்னால நிக்கிறது?"

இருவருக்கும் மருந்து முடிந்ததும் அவர் என்னை உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார். முந்தானைப் பின்னைக் கழற்றி, ஜாக்கெட்டைத் திறந்து காட்டினார். வலது பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த சின்ன மெத்தை. அதை எடுத்ததும் தழும்பு மட்டும்தான் இருந்தது.

"எனக்கு ஆபரேஷன் முடிஞ்சுதானுங்க கீமோவே ஆரம்பிச்சாங்க. இத்தன நாளா பாத்தீங்களே, தெரிஞ்சுதுங்களா?"

தெரியவில்லை. அவர் நிற்பதையும் திரும்புவதையும் அத்தனை ரசித்துப் பார்த்த எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தோணியிடம், "டாக்டரம்மாட்ட ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுருங்க" என்றேன். அவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்கான முதல் மெத்தையைச் சரோஜாக்காவே தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இன்று இருவருமே நன்றாக இருக்கிறோம்.

இடது பக்கம் இன்னும் மரத்தே கிடக்கிறது. முந்தானையில் பின் குத்தும்போது கண்ணால் பார்த்துத்தான் குத்த வேண்டும், தோல் சொல்லாது. ஒரு செக்கப்புக்கும் அடுத்த செக்கப்புக்கும் இடையில் இருப்பதுதான் இப்போது என் காலம். அதற்குள் எதையும் ஒத்திவைப்பதில்லை. கன்னிவாடி பஸ்ஸில் ஒரு பெண் அழகாக உடுத்தியிருந்தால், இறங்குவதற்குள் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பீரோவிலிருந்து கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார் அந்தோணி.

"செவ்வாக்கிழம" என்றேன்.