கடையில் வாங்கியதும் கம்பெனி அனுப்பியதும்

2024 மே 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றேகால். ராயபுரத்தில் கடற்காற்று இன்னும் எழவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. புதிதாக வாங்கிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறி, என் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் பெண்ணிடம் சண்டைக்குப் போனேன்.

புது லேப்டாப்புகளைச் சோதித்து யூடியூபில் சொல்வது அவள் தொழில். அவள் புகழ்ந்ததால்தான் இந்த மாடலை வாங்கினேன்.

"நீ சொன்ன வேகம் இதுல இல்லம்மா."

"இன்னா நைனா, ரேஷன் கடை கியூல நிக்கிற மாதிரி கத்தினுகீறே? குடு, பாப்போம்."

கம்பெனி அவளுக்கு அனுப்பியிருந்த அதே மாடலைப் பக்கத்தில் வைத்தாள். அடியிலுள்ள எண்களை டேப் ஒட்டி மறைத்து, அவள் பார்க்காதபோது என்னை இடம் மாற்றி வைக்கச் சொன்னாள். எது யாருடையது என்று தெரிந்தால் கண் பொய் சொல்லுமாம். ஏசி போடவில்லை. "பாக்குறவன் வூட்ல ஏசி கீதா இன்னா?"

வெட்டி ஒட்டிய ஒரே வீடியோவை, யூடியூபில் ஏற்றும் ஃபைலாக மாற்றும் வேலையை இரண்டுக்கும் மூன்று முறை கொடுத்தாள். கடிகாரம் என் கையில். மூன்று முறையும் ஒன்று பதினோரு நிமிடம், மற்றது பதினாறு. டேப்பைப் பிரித்தால் மெதுவானது என்னுடையது. திருகாணி கழற்றிப் பார்த்தாள். ரேம் அளவு ஒன்றுதான். கம்பெனி அனுப்பியதில் அதை இரண்டு துண்டாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள், வேகத்துக்காக. கடையில் விற்றதில் ஒற்றைத் துண்டு.

"காசிமேட்டுல கூடைக்கு மேல நல்ல மீனா அடுக்குவானுங்களே, அந்த வேலை. எங்கம்மா அடில கைய வுட்டுப் பாக்காம ஏலம் கேக்காது. நான் மேலயே பாத்துட்டேன், நைனா."

வெளியிடுமுன் கம்பெனிக்காரருக்குப் போன் செய்து விளக்கம் கேட்டாள். இதைப் பேசினால் அடுத்த மாடல் வராது என்றார் அவர், மிகவும் மரியாதையாக. புது மாடல் முதலில் வந்தால்தான் அவளுக்குப் பார்வையாளர்கள். அந்த வருமானத்தில்தான் எனக்கு வாடகை.

"அனுப்பாதீங்க சார். கடைல வாங்கிக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை வந்த வீடியோவின் முதல் வாக்கியமே, போன வாரம் தான் சொன்னது தப்பு என்பதுதான். அத்தனை கோபத்திலும், திரையும் கீபோர்டும் நன்றாக இருப்பதை மறக்காமல் சொன்னாள். முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணியவன் நான். பிடிக்காத ஆளின் மூட்டையைச் சரியாக எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாடல் வரவில்லை. கடையில் வாங்குவதற்காக ஜூன் வாடகைக்குத் தவணை கேட்டாள். தவணை எதற்கு, அந்த மாதம் தரவே வேண்டாம் என்றேன்.

லேப்டாப், பிறகு நான் போட்ட இன்னொரு ரேம், விட்ட வாடகை: எனக்கு ஆனது 59,390 ரூபாய்.