விண்வெளிச் சர்வாதிகாரிக்கு ஒரு நேர்த்தி

இத்தாலியின் பலெர்மோவில் கிரிசாந் மொண்டெல்லோக் கடற்கரை உணவகம் ஒன்றில் தட்டுக் கழுவினான். வீட்டுக்கு வந்தால் ஏழு கிரகங்களை ஆண்டான். விண்வெளி கேம்களில் நல்லவன் பக்கம் நின்று விளையாட அவனுக்குப் பிடிக்காது. உலகத்தைக் காப்பாற்றுவதும் தட்டுக் கழுவுவதும் ஒன்றுதான், நன்றி சொல்ல நாதியிராது என்பான். அதனால் எப்போதும் வில்லன்தான். கைப்பற்றிய கிரகத்துச் சனங்களின் மூளையில் ஒரு சிப்பை வைத்துவிட்டால் போதும். சொன்னதைச் செய்வார்கள், அதையும் தங்கள் சொந்த விருப்பம் என்று நினைத்தே செய்வார்கள்.

கூட விளையாடும் நிலக்சி ஒருநாள் ஹெட்செட்டில் கேட்டாள்: "அதுகளிலை ஒண்டாவது மாட்டன் எண்டு சொன்னால் என்ன செய்வாய்?"

"சொல்லாதுகள். விருப்பத்தையே நான்தானே குடுக்கிறன்," என்றான் சர்வாதிகாரி.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கேம் மெஷின்கள் திருத்தும் கடைக்காரர் அவனை வேலைக்குக் கூப்பிட்டார். காலையில் ஆசையோடு எழும்பிப் போகக்கூடிய ஒரு வேலை அவன் வாழ்க்கையில் கிடைத்தது அதுதான் முதல் தடவை. வருகிற சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அதைப் பெரியம்மா செலஸ்ரீனாவிடம் சொன்னதுதான் பிழை. அவனை மன்னாரிலிருந்து கூப்பிட்டு எடுத்தவர் அவர். ஞானஸ்நானத்தில் அவனை ஏந்திய ஞானத்தாயும் அவரே. அவன் இருப்பதும் அவர் வீட்டில்தான். ஒருவரையும் அவர் வற்புறுத்தியதில்லை. அப்படிச் சொன்னால் நாக்கு அழுகும். நேர்த்தி மட்டும் வைப்பார், அதுவும் அடுத்தவர் பேரில்.

"ஒரேத்தோப் பக்கம் ஒரு வயதுபோன சிஞ்ஞோரா, தனிச்சுப்போன இத்தாலிக்காரி. இரவு பகல் அவவோடையே தங்கிப் பாக்கிற வேலை. உனக்கு அது சரிவரவேணும் எண்டு மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சனான். மாதா தந்திட்டா," என்றார்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து அவன் கோவில் வாசலுக்கு வந்தபோது ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. அருளையா கையைப் பிடித்துக் குலுக்கினார். புஸ்பராணி அக்கா, "மாதா உன்னைக் கைவிடேல்லை," என்று கண் கலங்கினார். ஒரு கிரகத்துக்குச் சிப் வைக்கவே கிரிசாந்துக்கு வாரக்கணக்கில் எடுக்கும். பெரியம்மாவுக்கு ஒரு பூசை போதுமாயிருந்தது.

சனிக்கிழமை குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் "மாட்டன்" என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனான்.

"பெரியம்மா, நான் அந்த வேலைக்குப் போகமாட்டன்."

அவர் கோபப்படவில்லை. வெங்காயம் வெட்டுவதையும் நிறுத்தவில்லை. "உன்ரை விருப்பம்தானே ராசா. நான் ஏதும் சொன்னனானே? பெடியன் மாட்டானாம் எண்டு நானே முழங்காலிலை நிண்டு மாதாவிட்டை மன்னிப்புக் கேக்கிறன். முழங்கால் நோதான், பரவாயில்லை."

அவர் அடுத்த வெங்காயத்தை எடுக்கும்வரை கிரிசாந் நின்றான். பிறகு அறைக்குப் போய்க் கடைக்காரருக்குப் போன் எடுத்தான்.

"என்னால் வர முடியாது. ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. நானாக எடுத்த முடிவு," என்று இத்தாலியனில் சொன்னான்.

கேட்காத கேள்விக்குப் பதில் வந்ததுமே பலெர்மோக்காரருக்கு விளங்கிவிட்டது. "அம்மாவா?" என்றார்.

"பெரியம்மா. ஞானத்தாயும் அவர்தான்."

"ஐயோ, அது அம்மாவைவிட மோசம்," என்று உண்மையாகவே கவலைப்பட்டுப் போனை வைத்தார்.

கிரிசாந் கட்டிலில் இருந்து அழுதான். மூக்கு ஒழுக, பச்சைப்பிள்ளை மாதிரி அழுதான். அந்தக் கடை அவனுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

செலஸ்ரீனா தேத்தண்ணியோடு வந்து தலையைத் தடவினார். "பாத்தியே ராசா," என்றார், "ஆற்றையும் சொல்லுக் கேளாமல் நீயாய் யோசிச்சு ஒரு முடிவெடுத்தால் மனம் எவ்வளவு லேசாய்ப் போகுது."