இருபது முகப் பகடை

கழுவிய பாத்திரத்தை நான் இன்றைக்கும் கவிழ்த்து வைப்பதில்லை. வாக்கப்பட்டு வந்த மாத்தூர் வீட்டில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். காசிமேட்டில் எங்கள் வீட்டு வழக்கம் அது. ஆண்கள் கடலில் இருக்கும் நாட்களில் குண்டான், சொம்பு, டம்ளர் எதையும் குப்புற வைக்கக் கூடாது. பக்கவாட்டில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவும் கூடாது.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது ஒரு மழைநாள் மத்தியானம். அப்பா கடலுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் யாருக்கோ உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறோம் என்று குடையோடு கிளம்பிப் போனார்கள். என்னையும் தம்பியையும் பார்த்துக்கொள்ளப் பெரியப்பா மகளை விட்டுப் போனார்கள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள். தம்பி டிவியைப் போடப் போனான். கேபிள் வரவில்லை என்று சொல்லி அக்கா ஒயரைப் பிடுங்கி வைத்தாள். காலையில் வந்ததே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேள்வி கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

டிவிக்குப் பதிலாக அவள் பையிலிருந்து ஒரு பகடையை எடுத்தாள். நாவல்பழ நிறம், நெல்லிக்காய் அளவு. ஒவ்வொரு முகத்திலும் ஓர் எண், மொத்தம் இருபது முகம். காலேஜ் தோழி கொடுத்ததாம். மேசையில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டு என்றாள். எங்கள் வீட்டில் மேசை இல்லாததால் பாயை விரித்தோம்.

“இதுல போர்டும் இல்ல, காயும் இல்ல. ஆளுக்கு ஒரு வேஷம். நான் கதை சொல்லிகினே வருவேன். உன் ஆளு இன்னா பண்றான்னு நீ சொல்லணும். கஷ்டமான வேலைன்னா பகடைய உருட்டணும். பத்துக்கு மேல வுழுந்தா ஜெயிச்ச.”

“தப்பா சொல்லிட்டா?” என்றேன்.

“தப்பே கெடையாதுடீ. இன்னா வேணா பண்ணலாம்.”

எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வாத்தியார் என் பக்கம் திரும்பினாலே முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். பின்னாளில் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டபோது முதல் நிம்மதியே இனி யாரும் எழுப்பிக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதுதான். இங்கே கேள்விக்கு விடையே கிடையாதாம். எதை வேண்டுமானாலும் சொல்ல வேண்டுமாம்.

தம்பி உடனே திருடன் ஆனான். எட்டு வயதில் அதில் அவனுக்கு நல்ல பயிற்சியும் இருந்தது. நான் வீரனா, மந்திரவாதியா, வைத்தியனா என்று கால் மணி நேரம் யோசித்தேன். வீரன் என்றால் சண்டையில் செத்துவிடுவான், வைத்தியன் கொடுக்கிற மருந்து தப்பாகிவிடும். கடைசியில் தம்பியின் தொல்லை தாங்காமல் வீரன் என்றேன். அக்கா ஆளுக்கொரு தாளையும் பேனாவையும் கொடுத்தாள்.

“பேரு எழுது. யாராச்சும் தைரியமான ஆளு பேரா வெய்யி.”

எனக்குத் தெரிந்த தைரியமான ஆள் ஒருவர்தான். அப்பாவின் பெயரை எழுதினேன். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் பெயரை எழுதுவது பள்ளி நோட்டில் மட்டும்தான். பெயரைப் பார்த்ததும் அக்கா தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“வேற எதாச்சும் வெச்சுக்கயேன்.”

“பேனாவுல எழுதிட்டேன்கா.”

அவள் தாளைத் திருப்பித் தந்துவிட்டு, ஒரு நோட்டைக் கூரை போல் விரித்துத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள். கதை சொல்கிறவள் அதன் மறைவில் ராட்சசர்களுக்காகத் தனியாக உருட்டலாமாம். எங்கள் முறை வரும்போது பகடை எங்களிடம் வரும், முடிந்ததும் நோட்டுக்குப் பின்னால் போய்விடும்.

கதை காட்டில் தொடங்கியது. புலி வந்தது. என் வீரன் என்ன செய்கிறான் என்று அக்கா கேட்டபோது, “பாத்து ஓரமா போறாரு” என்றேன். பாழடைந்த கோட்டை வந்தது. அங்கேயும் ஓரமாகவே போனார். தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

“இவள வெச்சுகினு ஒண்ணியும் வேலைக்கு ஆவாது. நான் கடலுக்குப் போறேன். ஒரு லாஞ்ச ஆட்டைய போட்டுட்டேன்.” லாஞ்சு என்பது எங்கள் பக்கத்தில் விசைப்படகுக்குப் பேர்.

“அது காடுடா. லாஞ்சு எங்கருந்து வந்துச்சு?”

“நீதான சொன்ன, இன்னா வேணா பண்ணலாம்னு.”

“கடல் வாணாம். கோட்டைல புதையல் கீது, வா.”

“வாணாம். இவளோட ஆளையும் ஏத்திகினேன். நடுக்கடல்ல புயலு!”

கதை யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. அக்கா புயலே இல்லை, கடல் தட்டு மாதிரி கிடக்கிறது என்றாள். கடல் என்றால் கஷ்டமான வேலைதான், உருட்டியே ஆகவேண்டும் என்று அவன் சட்டம் பேசினான். பகடையைப் பிடுங்கி உருட்டினான். பதினேழு. திருடன் கரைக்கு நீந்திவிட்டான்.

“இப்ப நீ. பத்துக்குக் கொறஞ்சா உன் ஆளு காலி.”

என் தாளில் இருந்த பெயரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சொம்பைக் கவிழ்த்து வைத்தாலே ஆகாத வீட்டில், அப்பாவின் பெயரை எழுதி நடுக்கடலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். மாட்டேன் என்றேன்.

“பயந்தாங்கொள்ளி! சும்மா கதைக்கே இப்டி நடுங்குற.”

அக்கா விளையாட்டை நிறுத்திவிடுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி என் உள்ளங்கையில் பகடையைத் திணித்து, என் கையைப் பிடித்து உதறினான். பாயின் ஓரம் வரை ஓடி நின்றது.

மூன்று.

நான் பார்த்தேன். தம்பியும் பார்த்தான். அக்கா பாய்ந்து அதை எடுத்துக்கொண்டாள்.

“பதிமூணு. கரை சேந்துட்டாரு.”

“மூணு! டபாய்க்காத, நான் பாத்தேன்!”

அவன் முதுகில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. அக்கா எங்களை அடித்தது அதுதான் முதலும் கடைசியும்.

“பதிமூணுன்னா பதிமூணு. வாய மூடு.”

தம்பி அழக்கூட மறந்துபோனான். அக்கா கரையைச் சொல்லத் தொடங்கினாள். கரையில் ஊரே நிற்கிறது. ஒருத்தர் காய்ந்த துண்டோடு ஓடி வருகிறார். சூடாக டீ. ஒருத்தன் லுங்கி கொண்டுவந்து கொடுக்கிறான். காலில் மணல் எப்படிச் சுட்டது, யார் யார் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். புலிக்கும் கோட்டைக்கும் சேர்த்துக்கூட அவ்வளவு நேரம் ஆகவில்லை.

எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பொய் சொல்லிக் கரை சேர்த்தால் கடல் ஒத்துக்கொள்ளுமா? என்னை ஏமாற்றலாம், கடலை ஏமாற்ற முடியுமா? நான் எழுந்து போய் அடுக்களையில் ஒவ்வொரு பாத்திரத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் சாய்ந்தேதான் இருந்தன. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். அக்காமேல் அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒழுங்காக ஆடத் தெரியாதவள் எதற்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தாள்?

மறுநாள் காலையில் அப்பா வந்தார். இன்ஜின் பழுதாகி ஆந்திரா பக்கம் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போன படகை, வேறொரு லாஞ்சு கட்டி இழுத்து வந்திருந்தது. படகில் போன எல்லோரும் திரும்பியிருந்தார்கள். அப்பாவுக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது. சாப்பிட்டுப் படுத்தவர் அடுத்த நாள்தான் எழுந்தார். பதிமூன்று என்கிற பொய் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். அக்காவை மன்னித்துவிட்டதாகவும் ஞாபகம்.

பல வருடம் கழித்து, என் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அன்று யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. அப்பா போன லாஞ்சிலிருந்து இரண்டு நாளாக ஒயர்லெஸ்ஸில் பதில் இல்லாமல், ஊர்ப் பெண்களோடு அவர்கள் மழையில் துறைமுகத்தில் நின்றிருந்தார்கள். செய்தியில் ஏதாவது சொல்லிவிடுவார்கள், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், எதையாவது ஆடி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள் என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்களாம். அந்த லாஞ்சை ஓட்டிப் போனவர் அவளுடைய அப்பா, என் பெரியப்பா.

என் அப்பாவுக்கு ஒரு தாள் இருந்தது. பெரியப்பாவுக்கு இல்லை.

அம்மா சொன்னதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு சத்தம். கரை வந்து, டீ வந்து, துண்டு வந்து, கதை முடிந்த பிறகும் அந்த நோட்டுக்குப் பின்னால் பகடை உருண்டுகொண்டே இருந்தது. பார்ப்பாள், எடுப்பாள், மறுபடி உருட்டுவாள்.

“யாருக்குக்கா?” என்று தம்பி கேட்டான்.

“ராட்சசனுக்கு” என்றாள்.

அந்த நேரத்தில் கதையில் ராட்சசன் யாரும் இல்லை.