வேம்புக்குக் கட்டிய தாலி

ஆரப்பாளையத்தில் எங்கள் சந்தின் கடைசி வீடு சின்னத்தாயக்காவுடையது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை. அவள் புருஷன் மொக்கையண்ணன் சிம்மக்கல் மண்டிகளில் மூட்டை தூக்கிக் கட்டிய வீடு. நான் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். தபாலாபீசில் வேலை. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சந்தில் எனக்குப் பெயர்.

அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஓர் அரச மரமும் ஒரு வேப்ப மரமும் நெருக்கமாக வளர்ந்திருந்தன. வெகு காலம் பிள்ளையில்லாமல் இருந்தபோது புருஷனும் பெண்டாட்டியுமாக அந்த அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் செய்து வைத்தார்களாம். மேளம், பந்தி எல்லாம் உண்டு. அரச மரத்துக்குப் பதிலாக மொக்கையண்ணனே வேம்பின் கிளையில் மஞ்சள் கயிற்றைக் கட்டியிருக்கிறார். மறு வருஷம் ஒரு பெண் பிறந்தது. அதிலிருந்து ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு அக்காவுக்குத் தாலிக் கயிறு மாற்றும்போது வேம்புக்கும் மாற்றுவார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் என் வீட்டுக்கும் வரும், அதனால் வாயைத் திறக்க மாட்டேன்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடியில் கயிறு மாற்றிய கையோடு மொக்கையண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். ஐப்பசி மழையில் அரச மரம் சாய்ந்தது. அடித்தண்டில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. ஓட்டுக்கு மேலேயே படுத்துக்கொண்ட மாதிரி நின்றது. சுவரில் விரிசல் விட்டது. மகளோ கட்டிக்கொடுத்த இடத்தில் மாமியார் வீட்டோடு ஒரே அறையில் இருந்தாள். அந்த வீடு போனால் படுத்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு போக வேறு இடம் கிடையாது.

மரம் வெட்டுகிறவர்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எந்தக் கிளையை வெட்டினாலும் ஓட்டில்தான் விழும், மேலேயிருந்து பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்கள். கடைசியில் நான்தான் விருமாண்டியைப் பிடித்தேன். திண்டுக்கல் ரோட்டில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்கி நிறுத்தும் கிரேன் அவனுடையது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், இரண்டு பக்கமும் சுவரை உரசாத குறையாகக் கிரேன் சந்துக்குள் வந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மொக்கையண்ணனை நாற்காலியோடு தூக்கி வெளியே உட்கார வைத்தோம். கிரேனின் கை கூரையைத் தாண்டிப் போனது. முதல் கிளையில் இரும்புக் கயிற்றைச் சுற்ற மேலே ஏறிய ஆள் அப்படியே இறங்கி வந்து விருமாண்டியிடம் ஏதோ சொன்னான். விருமாண்டி எஞ்சினை அணைத்தான்.

"சார், வேப்ப மரத்துல தாலி கெடக்கு. கட்டுனவுக அவுக்காம நான் அரச மரத்துல கை வைக்க மாட்டேன். புருஷன வெட்டுன பாவம் என் குடும்பத்துக்கு எதுக்கு?"

"அது நூலுய்யா. நான் அவுக்குறேன்."

"நீங்க கட்டலையே சார்."

சந்து முழுக்க அவன் பக்கம். எதிர் வீட்டுத் தங்கப்பொண்ணு அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள்: "மதினி, அண்ணனால முடியாது. நீங்கதான் அவுக்கணும்."

சின்னத்தாயக்கா தன் கழுத்தில் கை வைத்துக்கொண்டாள். "அவரு இந்தக் கெதியில உக்காந்திருக்கையில என் கையால தாலி அவுக்கச் சொல்றீகளா?"

எனக்குக் கோபம் வந்தது, அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

மொக்கையண்ணன் இடது கையால் நாற்காலியைத் தட்டினார். மரத்தைக் காட்டினார். நாற்காலியை வேம்புக்குக் கீழே கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தோம். மூன்று முடிச்சு, மழையில் நனைந்து இறுகிக் கிடந்தது. ஒற்றைக் கையால் நகத்தைக் கொடுத்து நெம்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கடைவாயில் எச்சில் வழிந்தது. ஒரு காலத்தில் இரண்டு ஆள் சுமையைத் தனியாக ஏற்றிய கை. முடிச்சு அசையவில்லை. "நேரமாகுது சார், பரவையில ஒரு லாரி கவுந்து கெடக்கு" என்றான் விருமாண்டி. அவனைத் திட்டவும் முடியவில்லை.

மொக்கையண்ணன் பெண்டாட்டியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. அக்கா கிட்டே வந்து அவருடைய செத்த வலது கையைத் தூக்கி முடிச்சின் மேல் வைத்து, அதன் மேல் தன் விரல்களை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவிழ்த்தது யார் விரல் என்று எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பொழுது சாய்வதற்குள் மரம் துண்டு துண்டாகக் கூரையைத் தாண்டி வந்து தரையில் இறங்கியது. ஓர் ஓடுகூட உடையவில்லை.

தை மாதம் இரண்டாவது தடவையும் பக்கவாதம் வந்து மொக்கையண்ணன் போய்விட்டார். டாக்டர் முன்னாலேயே சொன்னதுதானே என்று அக்காவிடம் எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னேன். "ஆமா தம்பி, டாக்டரு சொன்னாரு" என்பாள். நான் தோற்றுப்போய் வந்துவிடுவேன்.

அடுத்த ஆடி வெள்ளிக்குச் சந்துப் பெண்கள் மஞ்சளும் குங்குமமுமாகக் கிளம்பினார்கள். எப்போதும் அக்கா வீட்டு வேம்புக்குத்தான் முதலில் வைப்பார்கள். அன்றைக்குத் தாலியில்லாத அந்த மரத்தடியில் யாரும் நிற்கவில்லை. பேசிக்கொண்டே அதைத் தாண்டி அடுத்த தெரு வேம்புக்குப் போனார்கள். தங்கப்பொண்ணு மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது?

அவர்கள் தெரு முனை திரும்பியதும் சின்னத்தாயக்கா ஒரு குடம் தண்ணீரோடு வெளியே வந்தாள். வேம்பின் அடியில் ஊற்றினாள். பட்டையைத் தடவிக்கொடுத்தாள்.

"ஒனக்கும் நாந்தான் அவுத்தேன்" என்றாள் அதனிடம். பிறகு குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.