வெயிலுக்கும் டிகிரி, உப்புக்கும் டிகிரி

போன வாரம் அஞ்சலை அக்காவின் உப்பைக் கரைத்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. புரோகிராம் எழுதித்தான் கரைத்தேன்.

அக்கா மரக்காணத்தில் உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். நான் அதே ஊரில் வீட்டில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுபவன். உப்புத்தண்ணீரின் அடர்த்தியையும் டிகிரியில்தான் அளப்பார்கள். தொட்டியில் தேங்கும் தண்ணீர் வெயிலில் சுண்டி இருபத்துநாலு டிகிரி கெட்டியானதும், மோட்டார் போட்டு அதைப் பாத்திக்கு விட வேண்டும். முன்னாலேயே விட்டால் போச்சு... அந்த நீர்த்த தண்ணீர், பாத்தியில் ஏற்கெனவே விளைந்த உப்பையும் கரைத்துவிடும். அதனால் அக்கா நாள் முழுக்க அங்கேயே காவல்.

"மோட்டார் தானா ஓடற மாதிரி பண்ணித் தர்றேங்க்கா" என்றேன். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை.

தொட்டியில் இரண்டு சென்சார் வைத்தேன். ஒன்று உப்பின் டிகிரியைச் சொல்லும். இன்னொன்று வெயிலின் டிகிரியை — போனில் பார்க்க அழகாக இருக்குமே என்று.

எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுவது என்பதில் நஸ்ரீனோடு தகராறு. கூனிமேட்டுக்காரி, காலேஜில் என்னோடு படித்தவள், இப்போது அவளும் இதே வேலைதான்.

"கண்டிப்பான மொழியில எழுது. வெயில் ஒரு வகை, உப்பு ஒரு வகைன்னு முதல்லயே சொல்லி வெச்சிடு. மாத்திப் போட்டா அது ஓடவே விடாது."

"நான் என்ன எல்கேஜியா? வரிக்கு வரி கேள்வி கேக்கற மொழி எனக்கு எதுக்கு?"

"சரி, உன் இஷ்டம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்குப் பிடித்த மொழி வேறு ரகம். எண்ணைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். எதனுடைய எண் என்று கேட்காது. வீட்டில் சோதித்துப் பார்க்கும்போது வெயிலுக்கும் முப்பது, உப்புக்கும் முப்பது என்று போட்டேன். அருமையாக ஓடியது.

புதன்கிழமை அக்காவுக்குப் பிரம்மதேசத்தில் தங்கை மகள் கல்யாணம். "தாலி கட்டறதப் பாத்துட்டு ஓடியாந்துடறேன் தம்பி" என்றார்.

"ஓடியெல்லாம் வர வேணாங்க்கா. சாப்பிட்டு, போட்டோ எடுத்துட்டு மெதுவா வாங்க."

பத்து மணிக்கு வீட்டிலிருந்தே புரோகிராமை முடுக்கிவிட்டேன். உடனே 'மோட்டார் ஓடுகிறது' என்றது என் போன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீ போட்டுக் குடித்தேன்.

மூன்று மணிக்கு அக்காவிடமிருந்து போன். "கொஞ்சம் வந்துட்டுப் போ தம்பி."

போனேன். பட்டுப்புடவையோடு வரப்பில் நின்றிருந்தார். முந்தின நாள் வெள்ளை வெளேர் என்றிருந்த பாத்தியில் இப்போது வானம் தெரிந்தது. டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயைத் தொட்டித் தண்ணீரில் விட்டுக் காட்டினார். பன்னிரண்டு.

வரப்பிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே வரி. இரண்டு எண்களை இடம் மாற்றிப் போட்டிருந்தேன். அன்றைய வெயில் முப்பத்தாறு டிகிரி. அதை உப்பு என்று நினைத்து மோட்டார் ஓடியிருக்கிறது.

"வெயில் எது, உப்பு எதுன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா. ரெண்டும் டிகிரிதானேன்னு விட்டுடுச்சு."

"அதுக்குத் தெரியாது, சரி. உனக்கு?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"பத்து நாள் வெயிலு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, இருட்டும்வரை அவரோடு தண்ணீரை இறைத்தேன்.

மூடியைப் பூட்டாவிட்டால் சுற்ற மாட்டேன் என்று மிக்ஸி அடம்பிடிக்கும்போது நாம் கோபப்படுகிறோமா? சட்னி சுவரில் இல்லையே என்று பேசாமல் இருக்கிறோம். மொழி அடம்பிடித்தால் மட்டும் நமக்கு ரோஷம் வந்துவிடுகிறது. புரோகிராமர் என்றால் தப்பே செய்யாத ஜென்மம் என்று யார் சொன்னது? நாமேதான் சொல்லிக்கொள்கிறோம். அதிலும் ஒரு விஷயம்... தப்பு நம்முடையது, கரைவது யாருடைய உப்போ.

நஸ்ரீன் சொன்ன மொழியில் மறுபடி எழுதினேன். ஏழு இடத்தில் தடுத்தது. ஆறில் அதனோடு சண்டை போட்டேன். ஏழிலும் அது சொன்னதுதான் சரி.

பெருமையாக அக்காவிடம் போய்ச் சொன்னேன். "இனிமே மாத்திப் போடவே முடியாதுங்க்கா. மொழியே தடுத்துடும்."

"நல்லது தம்பி. டிகிரி வந்தா போன்ல சொல்லட்டும்" என்றவர், மோட்டார் ஸ்விட்ச் பெட்டிக்குப் பெரிய பூட்டாகப் போட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். "போடறத நான் பாத்துக்கறேன்."

நஸ்ரீனிடம் பூட்டு விஷயத்தைச் சொன்னேன். "இதுவரைக்கும் எழுதினதுலயே அக்கா எழுதினதுதான் ஒழுங்கான புரோகிராம்" என்றாள்.