இருக்கைப் பட்டியில் கட்டுக்கரைச் சேறு

புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு, பேசாலை அன்ரோனெற் அவனுடைய வள்ளத்தை விற்றுத்தான் மீன் ஏற்ற அந்தப் பழைய வான் வண்டியை வாங்கினாள். வள்ளத்தை விற்ற அன்று அதன் முன்முனை அணியத்தில் கைவைத்து, "அடிப்பக்கம் ரெண்டு இடத்தில ஒட்டுப்போட்டது, பார்த்துக்கொள்ளுங்கோ" என்று வாங்கினவரிடம் சொல்லித்தான் கொடுத்தாள். அவள் வளர்ந்த கரையில் அதுதான் முறை. குற்றத்தை விற்கிறவன் சொல்லவேண்டும்; வாங்குகிறவன் கேட்டால் அது அவமரியாதை.

அதே நினைப்பில்தான் உப்புக்குளத்தில் வான் விற்கும் கொலின்ஸிடம் ஒன்றும் கேளாமல் நின்றாள். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. 'உள்ளபடி ஏற்றுக்கொண்டேன்' என்ற கடதாசியில் கையெழுத்து மட்டும் வாங்கினான், பாவி.

வாங்கின மூன்றாம் கிழமை, நடுவெயிலில், பாலத்தடியில் வான் பழுதாகி நின்றது. ஐஸ் உருகி ஐந்து பெட்டி பாரை மீனும் நாறிப்போயிற்று.

மெக்கானிக் பஸ்ரியன் இருக்கைப் பட்டியைக் கடைசிமட்டும் இழுத்தான். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் கறுத்தச் சேறு காய்ந்து அப்பியிருந்தது.

"அக்கா, இது எங்கட மண்ணோ?"

அன்ரோனெற் நகத்தால் சுரண்டினாள். அவள் ஊர் இருக்கும் தீவின் மணல் உதறினால் போய்விடும். இது போகவில்லை. "அக்கரையில, கட்டுக்கரைக் குளத்தடி வயல் சேறு."

"அப்ப வெள்ளத்தில மூழ்கித் தாண்ட வான். வயர் எல்லாம் உக்கிப்போச்சு."

அவள் நேரே கொலின்ஸிடம் போனாள். அவன் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

"நீங்கள் கேக்கேல்லையே அக்கா."

"உனக்கு வாய் இல்லையோ தம்பி?"

"கையெழுத்து வைச்சனீங்கள் எல்லோ. விரும்பின இடத்தில போய்ச் சொல்லுங்கோ."

"போறன்."

பாவனையாளர் முறைப்பாடு எடுக்கும் கந்தோரில் இருந்த மிஸ் முதலில் நாளைக் கேட்டார். "மூண்டு மாதத்துக்குள்ள வந்திட்டீங்கள், நல்லது. அவர் இதைத் தொழிலாச் செய்யிறவரோ?"

"ஓம் மிஸ், முற்றம் நிறைய வான்."

"எழுத்தில ஏதும் சொன்னவரோ?"

அன்ரோனெற் போனை நீட்டினாள். கொலின்ஸ் போட்ட விளம்பரம் அதில் அப்படியே இருந்தது: 'வெள்ளம், விபத்துக் காணாத வான்.'

"இந்தப் பொய்யைச் சொல்லி வித்துப்போட்டு, 'உள்ளபடி' எண்ட கடதாசிக்குப் பின்னால ஒளிக்கேலாது," என்றார் மிஸ்.

விசாரணைக்கு வந்த கொலின்ஸின் முகம் சுருங்கியிருந்தது. காசை முழுக்கத் திருப்பித் தர ஒத்துக்கொண்டான். "சரி, வான் திறப்பைத் தாங்கோ."

அவள் திறப்புக் கொத்தை மடியில் செருகினாள். "வெள்ளத்தில தாண்டது எண்டு எழுதி வான் கண்ணாடியில ஒட்டு."

"ஒட்டினால் ஆர் வாங்குவினம்?"

"அதுக்காகத்தான் என்னட்டையும் மறைச்சனீ. நாளைக்கு இன்னொருத்தி தாலிக்கொடியை வித்துக்கொண்டு வருவாள்."

"அக்கா, உங்கட காசுதான் வருதே."

அவள் கந்தோர்ச் சுவரோரத்து வாங்கிலில் போய் இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. கடைசியில் மிஸ் அதையும் இணக்கக் கடதாசியில் எழுதினார். கொலின்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பமிட்டான்.

வானடியில் அவன் அரைமனதோடு ஒட்டிய தாளின் நாலு மூலையையும் அன்ரோனெற் தன் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். பிறகுதான் திறப்பைக் கொடுத்தாள்.